கூதிரும் குதிரும்

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துக் கண்டனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்பன அவை. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று உரையாசிரியர் வரையறுப்பர். கூதிர் என்னும் சொல் குளிர்காற்றையும், அக்காற்று வீசும் காலத்தையும் குறிக்கும். உலகின் வடபகுதியிலுள்ள குளிர்நாடுகளில் மரங்கள் இலைகளைப் பொன்னிறமாக்கி உதிர்ப்பதும் இக்காலத்திலேதான். நம் சோழநாட்டில் இலை உதிர்வதில்லை, மழை பொழிகின்றது.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரையில் பெய்யும். காவிரியின் கடைமடையாகிய திருவாரூர்ப் பகுதி, ஓராண்டில் தான் பெறும் மழையின் பெரும்பகுதியை இம்மூன்று திங்களிலேயே பெறுகின்றது. ஓடம்போக்கி, வெட்டாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, கோரையாறு, பாமணியாறு என்னும் ஆறுகளெல்லாம் அப்போது கரை நிரம்பிச் செல்லும். திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பது ஊரார் வழக்கு. அக்குளமாகிய கமலாலயத்தில் மழைநீர் படியேறி நிற்பதைக் காண மக்கள் மாலைதோறும் கரையில் கூடுவர். வயல்களில் சம்பா நாற்று வேர் பிடித்துப் பசுமை கொண்டிருக்கும்.

காட்சி இவ்வாறு இனியதாயினும், இல்லம் நடத்துவோர்க்கு இஃது எளிய காலமன்று. தை மாதத்தில் அறுத்த சம்பா நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து, ஆண்டு முழுதும் எடுத்துண்பது பழைய உழவர் வழக்கம். குதிர் என்பது களிமண்ணால் உயரமாக வனைந்து அமைத்த நெற்கூடு. மரத்தாற் செய்தது பத்தாயம் எனப்படும். ஐப்பசி பிறக்கும்போது குதிரின் நெல் அடிமட்டத்திற்கு இறங்கிவிடும். புதிய நெல் வருவதற்கு இன்னும் மூன்று திங்கள் உண்டு. குறுவை பயிரிட்டோர்க்குப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் சிறிது நெல் வரும். அதனையும் மழையில் நனையாமற் காத்து உலர்த்துதல் அரிது. சம்பா ஒன்றையே நம்பியவர்க்கும், நிலமின்றிக் கூலியை நம்பியவர்க்கும் அதுவும் இல்லை. கூதிர் வளரக் குதிர் தளரும். இவ்விரண்டிற்கும் இடையே இல்லத்தில் வெம்மையும் வயிற்றுக்கு உணவும் மனத்திற்கு மகிழ்ச்சியும் குறையாமற் காத்ததே நம் முன்னோரின் மனையறிவு. அவ்வறிவின் சில கூறுகளை ஈண்டுக் காண்போம்.

முதற்கூறு, முன்னரே சேர்த்து வைத்தல். மழைக்காலத்து உணவு மழைக்காலத்தில் தொடங்குவதன்று, கோடையில் தொடங்குவது. பங்குனி, சித்திரை மாதங்களின் கடுவெயிலில் மணத்தக்காளி, சுண்டை, கொத்தவரை, மிளகாய் ஆகியவற்றை மோரிலும் உப்பிலும் ஊறவைத்து, பன்முறை உலர்த்தி, வற்றலாக்கி வைப்பர். அரிசிக்கூழை ஊற்றி வடகம் இடுவர். மாவடுவை உப்புநீரில் ஊறப்போட்டுச் சாடியில் அடைப்பர். வற்றலில் நீர் இன்மையாலும், வடுவில் உப்பு மிகுதியாலும், உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் அவற்றில் வளர்வதில்லை. ஐப்பசியில் தோட்டத்துக் காய்கள் மழையில் அழுகி, சந்தையிலும் காய் அருகும்போது, இவ்வற்றல்களே குழம்பாகும். புளியைக் கரைத்து, நல்லெண்ணெயில் தாளித்து, மணத்தக்காளி வற்றலை இட்டுக் கொதிக்கவைத்த குழம்பு, இரண்டு மூன்று நாள் கெடாது நிற்கும். அடை மழையில் ஈரவிறகோடு போராடும் மனைக்கு அஃதோர் உதவியாகும். விறகும் வறட்டியும் அவ்வாறே மழைக்கு முன்னர்ப் பரணில் ஏறிவிடும்.

இரண்டாங்கூறு, காலத்திற்கு ஏற்ப உண்ணுதல். குளிர்ந்த நாளில் உடம்பு வெம்மையை நாடும். ஆதலின் மிளகும் சீரகமும் தட்டி இட்ட சாறு நாள்தோறும் இலையில் வரும். தூதுவளையைத் துவையலாகவும் சாறாகவும் கொள்வர். பல பருப்புகளை அரிசியோடு ஊறவைத்து, மிளகாயும் பெருங்காயமும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து வார்க்கும் அடை, மழைநாள் மாலைக்கு ஏற்ற உணவு. தீபாவளி நாளன்று விடியலில் எண்ணெய் தேய்த்து நீராடியபின், முதலில் உண்பது மருந்தேயாம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றை அரைத்து, வெல்லமும் நெய்யும் தேனும் சேர்த்துக் கிளறிய இலேகியம் அது. இனிப்பும் எண்ணெயும் மிகுந்த பண்டங்களை உண்ணப் போகும் வயிற்றுக்கு முன்காப்பாக அதனை அமைத்த முறை எண்ணத்தக்கது.

மூன்றாங்கூறு, எளிய பொருளால் இல்லத்தை அழகு செய்தல். இதற்குத் தொடக்கவிழாவாக வருவது நவராத்திரி. புரட்டாசியிலோ ஐப்பசியிலோ ஒன்பது இரவுகள் இவ்விழா நிகழும். வீட்டில் உள்ள பெட்டிகளையும் பலகைகளையும் அடுக்கி, ஒற்றைப்படை எண்ணில் படிகள் அமைத்து, வெள்ளை வேட்டியை விரித்து, பொம்மைகளை வரிசையாக வைப்பர். மண்பொம்மைகளோடு, மரத்திற் கடைந்த மரப்பாச்சியும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் அங்கே இடம்பெறும். படியின் அருகே சிறுவர்கள் ஒரு தட்டில் நீர் ஊற்றிக் குளம் அமைப்பர். மணலைப் பரப்பி, வெந்தயமும் கேழ்வரகும் விதைப்பர். சில நாளில் அவை முளைத்துப் பச்சை வயலாகும். வெளியே வயலில் நாற்று வளர, உள்ளே தட்டில் பயிர் வளரும்.

தலையாட்டிப் பொம்மையின் ஒருவகை, எப்பக்கம் சாய்த்தாலும் மீண்டும் நிமிர்ந்து நிற்கும். அதன் அடிப்பகுதி அரைக்கோளமாகவும், களிமண்ணால் மிகுந்த எடையுள்ளதாகவும் இருக்கும். மேற்பகுதி காகிதக்கூழினால் எடை குறைந்ததாக இருக்கும். எடையின் நடுப்புள்ளி மிகக் கீழே இருப்பதனால், சாய்க்கும்போது அப்புள்ளி உயர்கின்றது. கையை எடுத்தவுடன் அது தன் தாழ்ந்த நிலைக்கே திரும்புகின்றது. மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். வழவழப்பாகத் தேய்த்த பாதிக் கொட்டாங்கச்சியில் களிமண்ணை நிரப்பி உலர்த்தி, மேலே காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, கண்ணும் வாயும் வரைந்தால் போதும். காசு செலவின்றி ஒரு பொம்மையும் கிடைக்கும். இயற்பியலின் ஓர் உண்மையும் விளங்கும்.

கொலுவைக் காண வருவோர்க்குச் சுண்டல் வழங்குவது மரபு. கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, பட்டாணி, கடலைப்பருப்பு என நாளுக்கொன்றாகச் செய்வர். கொண்டைக்கடலை போன்ற கடினமான பயறுகளை முதல் நாளிரவே ஊறவைத்தல் வேண்டும். ஊறிய பயறு விரைவில் வேகும்; விறகு மிஞ்சும். வெந்தபின் உப்பிட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, இஞ்சியும் தேங்காய்த் துருவலும் சேர்ப்பர். அரிசியில் குறைவாக உள்ள ஒரு புரதக்கூறு பயற்றில் நிறைந்துளது. பயற்றில் குறைந்தது அரிசியில் உளது. ஆகவே சோற்றையே பெரிதும் உண்ணும் நாட்டில், ஒன்பது நாள் தொடர்ந்து பயறு உண்ணும் இவ்வழக்கம் உடலுக்கு உரமாகும். வந்தவர் செல்வரா வறியரா என்று நோக்காது, வாயிலில் நிற்கும் சிறுவர்க்கும் சேர்த்து இலைத்துண்டில் வைத்துக் கொடுக்கும்போதுதான் கொலு நிறைவு பெறும். குதிர் குறைந்த காலத்தில், பலருக்கு ஒருபிடி சத்துணவு கிடைக்கும் வழியும் அதுவே.

திருவாரூரில் நவராத்திரிக்கு இன்னும் ஒரு சிறப்பு உண்டு. கருநாடக இசையின் மும்மூர்த்திகளாகிய தியாகராசர், முத்துசாமி தீட்சிதர், சியாமா சாத்திரி ஆகிய மூவரும் பிறந்த ஊர் அது. அவருள் 1835-ஆம் ஆண்டு மறைந்த தீட்சிதர், இவ்வூர்க் கோயிலில் உறையும் கமலாம்பாள் மீது நவாவரணக் கீர்த்தனைகளை இயற்றினார். நவராத்திரி இரவுகளில் அவற்றை நாளொன்றாகப் பாடுவது இசையறிந்தோர் வழக்கம். இசை தெரிந்த சிறுமியர் கொலுவின்முன் பாடுதலும், பாடியவர்க்குச் சுண்டல் முதலில் கிடைத்தலும் பல இல்லங்களில் காணும் காட்சிகளாகும்.

அடுத்து வருவது கார்த்திகை விளக்கீடு. இது மிகப் பழைய விழா. அகநானூற்றில் நக்கீரர் பாடிய ஒரு பாட்டு, கார்த்திகை மீனோடு நிறைமதி சேரும் இரவில் தெருவில் விளக்கேற்றி மாலை தொங்கவிட்ட விழாவைக் கூறுகின்றது. அப்பாட்டிலேயே, கரிகாற் சோழனின் இடையாறு என்னும் ஊரும், புதுமணமகளின் இல்லத்தில் அடுப்பிலேறிய பாலும், மகளிர் பசிய அவல் இடிக்கும் உலக்கையோசையும், அவ்வோசைக்கு அஞ்சிய குருகும் வருகின்றன. நக்கீரரே பாடிய நெடுநல்வாடையோ, குளிர்காற்று வீசும் மாலையில் மகளிர் விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவித் தொழுததைக் காட்டுகின்றது. விளக்கும் மாலையும் அவலும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக இந்நாட்டுக் கூதிர்காலத்தோடு பிரியாதிருத்தல் இவற்றால் விளங்கும்.

அகல்விளக்கின் பின்னே ஒரு தொழிலாளியின் கவலை உண்டு. குயவர் ஏரிக்களிமண்ணைப் பிசைந்து, திகிரியில் வனைந்து, வெயிலில் உலர்த்தி, சூளையில் சுடுதல் வேண்டும். மழை தொடங்கிவிட்டால் உலர்த்த வெயில் இராது, சூளையும் எரியாது. மக்கள் அகலை விரும்பும் காலமும், குயவர் அகலைச் செய்ய இயலாத காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. ஆதலால் அவர் கோடையிலேயே வனைந்து அடுக்கி வைத்து, கார்த்திகைக்காகக் காத்திருப்பர். அச்சில் வார்த்த நெகிழிப் பூக்களும் மின்விளக்குச் சரங்களும் மலிந்துவிட்ட இந்நாளில், அந்தக் காத்திருப்பு வீணாகாதிருத்தல் வாங்குவோர் கையில் உளது. புதிய அகலை வாங்கியவுடன் சில நாழிகை நீரில் ஊறவைத்து, பின்னர் உலர்த்தி எண்ணெய் வார்க்க வேண்டும். மண்ணின் நுண்துளைகள் நீரை முன்னரே உண்டுவிடுதலால், எண்ணெய் வீணே உறிஞ்சப்படுவதில்லை.

கார்த்திகைப் பண்டம் பொரி உருண்டையாகும். நெல்லைச் சூடான மணலில் இட்டு வறுக்கும்போது, அரிசியின் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி அழுத்தி, இறுதியில் உமியைப் பிளந்து வெடிக்கின்றது. அதுவே நெற்பொரி. ஒருபிடி நெல் ஒரு கூடைப் பொரியாகத் தோன்றுதலால், சிறிதளவு நெல்லே ஒரு குடும்பத்தின் விழாவிற்குப் போதும். உருண்டை பிடிப்பதில் அருமை வெல்லப்பாகின் பதத்தில் உளது. கொதிக்கும் பாகில் ஒருதுளியைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டினால், அது திரண்டு, தட்டில் போடும்போது ஒலிக்க வேண்டும். பதம் குறைந்தால் உருண்டை உதிரும். மிகுந்தால் பிடிப்பதற்குள் பாகு இறுகிவிடும். பாகு சூடாக இருக்கும்போதே தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் கலந்து, கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு விரைந்து பிடிப்பர். ஒருவர் கிண்ட, ஒருவர் பொரியைக் கொட்ட, நால்வர் உருட்ட வேண்டிய வேலை அது. ஆண்மக்களும் அடுக்களையில் கைகொடுத்தாலன்றி அது நேரத்தில் முடியாது. விழாவின் உழைப்பு முழுவதும் தாயின் தோளிலேயே விழுதல் அறமன்று.

மழைக்காலத்தில் வாயிற்கோலம் நில்லாது. எனவே திண்ணையிலும் கூடத்திலும் மாக்கோலம் இடுவர். ஊறவைத்த பச்சரிசியை மைய அரைத்து நீர்விட்டுக் கரைத்து, சிறு துணியை அதில் நனைத்துக் கையிற் கொண்டு, விரல்வழியே ஒழுகவிட்டு வரைவது அது. உலர்ந்தபின் தரையோடு ஒட்டி நெடுநாள் நிற்கும். ஓரத்தில் செம்மண் பூசினால் வெண்மை மேலும் விளங்கும். வாயிலில் மாவிலையும் தென்னங்குருத்தோலையும் தோரணமாகும். இளங்குருத்தைக் கிழித்து மடித்துக் கிளியாகவும் பூவாகவும் செய்வதற்குக் கத்தியும் விரலுமே கருவிகள். சிறுவர்க்கோ மாவலி சுற்றுவதே பெருமகிழ்ச்சி. ஆண்பனையின் பூக்கதிரைக் கரியாக்கித் தூளாக்கி, துணியில் பொதிந்து கட்டி, நெருப்பிட்டுச் சுழற்றினால் பொறிகள் வட்டமாகச் சிதறும். பெரியோர் அருகிருக்க, திறந்தவெளியில் மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும்.

தஞ்சைப் பகுதியின் நீர்நிலைகளில் வளரும் நெட்டி என்னும் செடியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. மழையால் நிறைந்த ஏரிகளிலும் குளங்களிலும் அது தழைக்கும். அதன் தண்டை அறுத்து உலர்த்தி, மேற்றோலைச் சீவினால், பால்போல் வெண்மையும் பஞ்சுபோல் மென்மையும் உடைய உள்ளீடு கிடைக்கும். அதனைக் கத்தியால் நறுக்கி மாலையும் பூவும் செய்வர். மாட்டுப்பொங்கலுக்கு மாடுகள் அணியும் நெட்டிமாலை இதனால் ஆயதே. கைத்திறன் மிக்கோர் தஞ்சைப் பெரிய கோயிலின் வடிவையே நெட்டியில் அமைக்கின்றனர். இத்தஞ்சாவூர் நெட்டிவேலைக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளம் தந்த களையொன்று கலையாகிய கதை இது.

நெல்லுண்ணும் பிற நாட்டாரும் இக்காலத்தை இவ்வாறே போற்றுகின்றனர். யப்பானியர், சந்திரமானத்து எட்டாம் திங்களின் நிறைமதி நாளில், வெண்ணிற அரிசிமாவு உருண்டைகளைத் தட்டில் அடுக்கி, நாணல் போன்ற புல்லின் வெண்கதிர்களைச் சாடியில் வைத்து நிலவைக் காண்பர். அதே நாளில் சீனர் காகித விளக்குகளை ஏற்றி, நிலாப்பணியாரம் பகிர்ந்து உண்பர். மாவுருண்டையும் பொரியுருண்டையும், புற்கதிரும் குருத்தோலையும், காகித விளக்கும் மண்விளக்கும் வடிவால் வேறு, கருத்தால் ஒன்று. தன் நிலம் தருவதைக்கொண்டே தன் இல்லத்தை அழகு செய்தல் என்பதே அக்கருத்து.

இம்மனையறிவு கடுஞ்சோதனைக்கு உட்பட்ட ஆண்டு 2018. அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கசா புயல் வேதாரண்யத்தின் அருகே கரை கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும் சிதைந்தது. கூரைகள் பறந்தன. மின்கம்பங்கள் வீழ்ந்தமையால், பல ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. மக்கள் முகாம்களில் தங்கிப் பொதுவில் சமைத்து உண்டனர். புயல் கரை கடந்த ஏழாம் நாள், நவம்பர் 23-இல், கார்த்திகை விளக்கீடு வந்தது. குருத்தோலை வேண்டி மரமேற வேண்டிய நிலை அவ்வாண்டு இல்லை. வளர்த்த மரங்கள் தோட்டமெங்கும் தரையிற் கிடந்தன. பத்தாண்டு உழைப்பு ஓரிரவில் சாய்ந்ததைக் கண்டவர்க்குத் தோரணம் கட்ட மனம் எவ்வாறு வரும்? ஆயினும் மின்னொளி அற்ற அந்நாள்களில், அகலும் திரியும் ஒருதுளி எண்ணெயும் எத்துணைப் பெரியவை என்பதை இந்நாடு மீண்டும் உணர்ந்தது. விளக்கீடு என்பது செல்வத்தைக் காட்டும் விழாவன்று. இருளில் இருப்போர் ஒருவர்க்கொருவர் தாம் இருப்பதை உணர்த்தும் குறியாகும்.

சேமித்தலும் பகிர்தலும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல என்பதற்கு இம்மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில், நெல் செயராமன் என்னும் உழவர் பாரம்பரிய நெல்வகைகளைத் தேடித் தொகுத்து, 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். விதைநெல் இரண்டு கிலோ பெற்ற உழவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது அவ்விழாவின் முறை. அவ்வாறு அவர் மீட்ட நெல்வகைகள் நூற்றெழுபதுக்கும் மேற்பட்டன. 2018-ஆம் ஆண்டு திசம்பர் 6-ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய குதிர் ஒரு வீட்டினுள் அடங்கியதன்று. பல உழவர் வயல்களில் பரந்து நிற்பது.

கோடையிற் காய்ந்த வற்றல், முதல் நாளிரவே ஊறிய பயறு, மழைக்குமுன் சுட்ட அகல், அடுத்தவர் வயலுக்குச் சென்ற விதை ஆகிய அனைத்தும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. வரப்போகும் குளிருக்காக வெயில் நாளிலேயே எண்ணுதலும், எண்ணிச் சேர்த்ததைக் குளிர் வந்தபோது தனித்துண்ணாது பகிர்தலுமே அப்பாடம். மாணவர்களே! உங்கள் இல்லத்தில் குதிர் இன்று இல்லாதிருக்கலாம். ஆயினும் அடுத்த கார்த்திகையில் குயவர் தெருவிற்குச் சென்று பத்து அகல் வாங்குங்கள். பொரி உருண்டை பிடிக்கும் தாய்க்குக் கைகொடுங்கள். பிடித்தவற்றுள் முதல் உருண்டையை விளக்கில்லா வீட்டுக்கு ஒரு விளக்கோடு எடுத்துச் செல்லுங்கள். கூதிரின் குளிர் இரண்டு வீட்டிலும் குறையும்.